பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை

காலை பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. அந்த நேரத்துக்கு அது அடிக்காமல் இருந்திருந்தால்தான் அவள் கவலைப்பட்டிருப்பாள். அக்கா தன் தையல் கடையைத் திறந்து, கூட்டித் துடைத்து, தேநீர் குடித்து, அன்றைய நூலைப் பாபினில் சுற்றி, ஒன்றிரண்டு துணியும் தைத்து முடித்துவிட்டுத் தங்கையைக் கூப்பிடும் நேரம் அது. ஆறு வருஷமாக அது மாறியதில்லை.

தங்கை அப்போது ஓர் ஆயத்த ஆடைப் பட்டறையின் தரையில், பதினேழாம் நம்பர் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். பல்லிடுக்கில் ஒரு திருகாணி. கையெல்லாம் எண்ணெய். சுண்டுவிரலால் போனைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் ஹலோ கிடையாது. அக்கா போனை மெஷின் பலகையின் மேல் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்துவிடுவாள். முதலில் வருவது மெஷின் சத்தம். தங்கை அதை ஒரு நிமிஷம் கேட்பாள். "பாபின் கேஸ்ல பஞ்சு அடைச்சிருக்கு, எடுத்து ஊது" என்பாள். இல்லாவிட்டால், "எண்ணெய் விட்டு எத்தன நாளாச்சு, பாவம், கத்துது பாரு" என்பாள். பேச்சு அதற்குப் பிறகுதான். எந்த ஊரில் இருக்கிறார்கள், பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், எந்த வாடிக்கையாளர் இடுப்பளவைக் குறைத்துச் சொல்லிவிட்டுச் சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார் என்று நாற்பது நிமிஷம் ஓடும். அக்கா தைத்துக்கொண்டே பேசுவாள், தங்கை எதையாவது கழற்றிக்கொண்டே கேட்பாள்.

அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

"என்ன, கரண்ட் இல்லையா?" என்றாள் திருகாணியைக் கடித்தபடி.

"நான்தான்," என்றது அண்ணனின் குரல்.

அண்ணன் அவளோடு பேசி ஒன்றரை வருஷம் இருக்கும். அக்காவின் போனில் அண்ணனின் குரல் வந்தால் என்ன செய்தியாக இருக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அவன் சொன்னான். எட்டேகாலுக்கு அப்பா கடைக்குத் தேநீர் கொண்டுபோனபோது அக்கா மெஷின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அப்பா டம்ளரை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுபடி போய்ப் பார்த்தபோதும் டம்ளர் மூடியபடியே இருந்தது. டாக்டர் வந்து இதயம் என்றார்.

திருகாணியை அவள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பதினேழாம் நம்பர் மெஷினை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். இதைப் பிற்பாடு கேள்விப்பட்ட அத்தை, "நெஞ்சா கல்லா அவளுக்கு" என்றாள். கழற்றிப் போட்ட மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அதில் தைக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். இது அத்தைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழு வயதில் வீட்டு அலாரம் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினாள். மூன்று திருகாணி மிச்சமிருந்தது, கடிகாரம் ஓடியது. அன்றிலிருந்து அக்கா அவளைக் கழட்டி என்றுதான் கூப்பிட்டாள். வீடும் அப்படியே கூப்பிட்டது. அக்கா தைப்பவள், தங்கை தைக்கும் மெஷினைப் பழுது பார்ப்பவள். "எந்த மெஷினையும் சரி பண்ணிடுவா, நேரா ஒரு தையல் போடச் சொல்லுங்க பாப்போம்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். பட்டன் பிய்ந்தால்கூடச் சட்டையைப் பையில் போட்டு அக்காவுக்கு அனுப்புகிற ரகம்.

கழட்டியின் கணவர் கணக்கு வாத்தியார். ஆறு வருஷத்துக்கு முன்பு வரை காலை ஆறரைக்குக் கிளம்பினால், பள்ளி, அதற்கு மேல் தனி வகுப்பு என்று, இரவு எட்டுக்குத்தான் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வயதான சின்னவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இவர் இன்னைக்கு இங்கயே இருப்பாரா?" என்று கேட்டான். வாத்தியார் அதைக் கேட்டுச் சிரித்தார்; பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை. அவள் வேலை பார்த்த சர்வீஸ் கம்பெனியிலோ பெரிய பட்டறைகளுக்கு ஆண்களைத்தான் அனுப்புவார்கள். "வீட்டு மெஷின் உங்களுக்குங்க, அதுதான் பாதுகாப்பு" என்பார் மேனேஜர். யாருடைய பாதுகாப்பு என்று அவள் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

பழைய ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று விற்பனைக்கு வந்தது. வாங்கினார்கள். பின்பக்கம் இரண்டடுக்காகப் படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, அவளுடைய கருவிப் பெட்டி. ஊர் ஊராகப் போய்ப் பட்டறைகளில் மெஷின் பார்ப்பது அவள் வேலை. ஓட்டுவதும் சமைப்பதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் வாத்தியார் வேலை. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அந்த ஒரு வருஷம் ஆறாக நீண்டது. இப்போது பெரியவளுக்குப் பதின்மூன்று, சின்னவனுக்கு ஒன்பது. பட்டறைகளில் அவளை மெக்கானிக்கம்மா என்றார்கள். ஓவர்லாக் மெஷின் டைமிங் தப்பினால் அவள் வரும்வரை கையே வைக்காத முதலாளிகள் இருந்தார்கள்.

வீட்டில் வேறு மாதிரி பேசினார்கள். "நம்ம குடும்பத்துலயே விலாசம் இல்லாத ஒரே ஆளு" என்றான் அண்ணன். "பிள்ளைங்க ரோட்டுல வளருது" என்றாள் அத்தை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு அவள் இல்லை. அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று இல்லை. அண்ணிக்குக் கை முறிந்தபோதும் இல்லை. இல்லாத நாட்களை அண்ணன் நினைவில் வைத்திருந்தான். அவளும் வைத்திருந்தாள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு இருபத்தாறு மணி நேரம். மாறி மாறி ஓட்டினார்கள். மறுநாள் பகலில், வாத்தியார் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவள் திடீரென்று சொன்னாள்.

"பெல்ட் வழுக்கினா மோட்டார் கத்தும்."

"என்னது?"

"அக்கா மெஷின் ரெண்டு மாசமா மெதுவா ஓடிச்சு. நடுநடுவுல நின்னு நின்னு ஓடிச்சு. நான் பெல்ட் தளர்ந்துடுச்சு, மாத்துன்னேன். மாத்தினா. அப்பவும் அப்படியேதான். அப்ப மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்தற கார்பன் கட்டை தேஞ்சிருக்கும், நான் வரும்போது போட்டுத் தர்றேன்னேன். இதோ பெட்டியில வச்சிருக்கேன் கார்பன."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"பெல்ட் வழுக்கினா சக்கரம்தான் மெதுவாகும். மோட்டார் வேகமாக் கத்தும். அக்கா மெஷின்ல ரெண்டும் சேந்தே அடங்கிச்சு. அது எனக்குக் காதுல விழுந்துச்சு, வாத்தியாரே. விழுந்தும் நான் பெல்ட்டுன்னேன்."

வாத்தியாருக்கு மெஷின் தெரியாது, மனைவியைத் தெரியும். "கார்பனா இருக்கலாமில்ல" என்றார் மெதுவாக.

"இருக்கலாம்," என்றாள். பெடலை அழுத்தும் கால் ஓய்ந்தாலும் மோட்டாரும் சக்கரமும் சேர்ந்தேதான் அடங்கும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் தெருவைப் பார்த்த முன் அறை அக்காவின் கடை. அதற்குப் பின்னால் அக்காவின் அறை, அப்பாவின் அறை, சமையலறை. மாடியில் அண்ணனும் அண்ணியும் மகளும். மாடிப்படி கடை வாசலை ஒட்டித்தான் ஏறும். அண்ணன் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தான். வேன் வந்து நின்றதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு அஞ்சு மணி நேரம்," என்றாள் அவள். "அஞ்சு மணி நேரம் வச்சிருக்க முடியலையா அண்ணா?"

"நீ எப்ப வருவேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வழியெல்லாம் போன் பண்ணிட்டேதான வந்தேன்."

"ஒரு வருஷத்துல வர்றேன்னுகூடத்தான் சொல்லிட்டுப் போன."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அப்பா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும், "இவன் இவ்வளவு உசரமா?" என்று சின்னவனைக் காட்டி வாத்தியாரிடம் கேட்டார். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

யார் யாருக்கு எப்போது சொன்னார்கள் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. ஒன்பதரைக்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. அத்தைக்கு ஒன்பதுக்கே சொல்லியாயிற்று. நூல் கடைக்காரர் பத்து மணிக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். பத்து நாற்பதுக்கு அக்காவின் போனில் அலாரம் அடித்திருக்கிறது. கழட்டி என்று திரையில் வந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சொல்லவில்லையே என்று அண்ணனுக்கு உறைத்தது. இதை அண்ணி சொன்னாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று விழித்தாள்.

"தினமும் அலாரம் வச்சா கூப்பிட்டா?" என்று கேட்டாள் கழட்டி.

"வேலையில மறந்துடக் கூடாதுன்னு வச்சுக்கிட்டாங்க. அது அடிச்சா, கையில எந்தத் துணி இருந்தாலும் கீழ வச்சுட்டுப் போன எடுப்பாங்க."

நாலாம் நாள் காலையில் அவள் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். கத்திரிக்கோல், சாக்குக்கட்டித் துண்டுகள், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அளவு நாடா எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அளவு சரியா வரல" என்று அந்த நாடாவைத்தான் காட்டுவாள்.

மெஷினில் துணி இல்லை. யாரோ நூலை வெட்டித் துணியை எடுத்து, மடித்து, ஸ்டூலின் மேல் வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றி வளைத்தாள். புதுசு. விரிசல் இல்லை, தளர்ச்சி இல்லை. மோட்டாரின் இரண்டு மூடிகளைத் திருகிக் கார்பன்களை வெளியே எடுத்தாள். முக்கால்வாசி மிச்சமிருந்தது, இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். பெடலைத் திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டு, காலை வைத்து அழுத்தினாள். மெஷின் சீறிக்கொண்டு ஓடியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் விட்டுவிட்டுப் போன அதே வேகம்.

மேசை இழுப்பறையில் பழைய பெல்ட் இருந்தது. அதையும் வளைத்துப் பார்த்தாள். அதிலும் ஒரு குறையும் இல்லை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். "அத மாத்தும்போது நான்தான் விளக்குப் பிடிச்சேன்," என்றார்.

"பழசு நல்லாத்தானப்பா இருக்கு."

"அவளும் அதத்தான் சொன்னா. நல்லாத்தான் இருக்கு, ஆனா கழட்டி சொன்னா மாத்திடணும், இல்லேன்னா தினமும் அதையே கேட்டு உயிர வாங்குவான்னு சொல்லிக்கிட்டே மாத்தினா."

"அவ கால் எப்படி இருந்துச்சு?"

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். "செருப்பு மாத்தினா. பெரிய சைஸு. வெயிலுக்கு வீங்குதுன்னா."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே அக்காவின் செருப்பு இன்னும் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அக்காவின் செருப்பை அவள் சின்ன வயதில் திருடிப் போட்டுக்கொண்டு நடந்தவள், அளவு தெரியும். இது இரண்டு அளவு பெரியது. அந்தப் படியில் தினமும் ஏறி இறங்கியது மூன்று பேர்.

ஒன்பதாம் நாள் அத்தை வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குடும்பத்தில் எந்தப் பஞ்சாயத்தும் அவள் இல்லாமல் தொடங்காது, அவள் இருந்தால் முடியாது. எல்லாரும் கடை அறையில்தான் உட்கார்ந்தார்கள், பெரிய அறை அதுதான். அப்பாவுக்கு அக்காவின் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். வாத்தியார் கதவோரம் நின்றுகொண்டார்.

அண்ணன்தான் ஆரம்பித்தான். திட்டமெல்லாம் தயாராக இருந்தது. "வேன வித்துடு. இந்த ரூம் சும்மாதான் கெடக்கப் போகுது. மெஷின் ரிப்பேர் கடை போடு. மாப்பிள்ளைக்கு நாலு தெரு தள்ளி ஸ்கூல்ல ஆள் எடுக்கறாங்க, நான் பேசிட்டேன். பசங்களையும் அங்கயே சேத்துடலாம். அப்பாவுக்கும் கீழ ஒரு ஆள் ஆச்சு."

"எங்கிட்ட கேக்காமலே பேசிட்டீங்களா?" என்றார் வாத்தியார்.

"உங்கள எங்க வந்து கேக்கறது மாப்பிள்ள? எந்த மைல்கல்லுல?"

அத்தை சிரித்தாள். "ஊர் சுத்தினது போதும்டி. ஆறு வருஷம் ஆசை தீரச் சுத்தியாச்சு. இனிமே மனுஷங்க மாதிரி ஒரு இடத்துல இருங்க."

"போதும்னு நீங்க ஏன் அத்த சொல்றீங்க? உங்களுக்கா கால் வலிக்குது?"

"வாயப் பாரு. பேருக்கு ஏத்த மாதிரி எல்லாரையும் கழட்டி விட்டுட்டுப் போயிட்டு, வாயி மட்டும் குறையல."

அத்தை பிறகு பெரியவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். "நீ சொல்லு கண்ணு. உனக்கு ஸ்கூலுக்குப் போகணும், கூட்டாளிங்களோட இருக்கணும்னு ஆசையே இல்லையா?"

பெரியவள் அம்மாவைப் பார்க்கவில்லை. "சில நாள் இருக்கும்," என்றாள். "வேற எங்கயாவது போறப்ப இருக்காது."

"பாத்தியா, குழந்தைக்கே ஆசை இருக்கு," என்றாள் அத்தை பின்பாதியை விட்டுவிட்டு. அதோடு நின்றிருந்தால் சரி, நிற்கவில்லை. "எல்லாத்தையும் விடு. உடம்பொறந்தவ கூட இருந்திருந்தா, அவ கால் வீங்கினத நீ பாத்திருப்ப. போன்ல கால் தெரியுமா?"

வாத்தியார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் அவள் சொல்லாமல் விட்டது அவருக்குத் தெரியும்.

"தெரியாது," என்றாள் கழட்டி. "ஆனா காதுல கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"அவ கால் ஓயறதக் கேட்டேன். ரெண்டு மாசமாக் கேட்டேன். மெஷின் மெதுவாச்சு, நான் பெல்ட்ட மாத்துன்னேன். பெல்ட்டுல ஒண்ணுமில்ல, கார்பன்ல ஒண்ணுமில்ல. கழட்டிப் பாத்துட்டேன். மெஷின் தெரிஞ்ச எவனும் அந்தத் தப்பப் பண்ண மாட்டான், நான் பண்ணிட்டேன். அது என் தப்பு. அத யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், யாரும் எங்கிட்டருந்து வாங்கிக்கவும் வேண்டாம்."

"அதத்தான நானும் சொல்றேன்," என்றாள் அத்தை. "பக்கத்துல இருந்திருந்தா..."

"அவ செருப்பு வாசல்லதான் கெடக்கு. ரெண்டு சைஸ் பெரிசு. அதத் தாண்டித்தான் அண்ணன் தினமும் வேலைக்குப் போனான். அப்பா கூடவே இருந்தாரு. வெயிலுக்குன்னு அவ சொன்னா, சரின்னு விட்டுட்டாங்க. நான் இங்க இருந்திருந்தா நானும் சரின்னுதான் விட்டிருப்பேன். அவ நம்ம எல்லாரையும் ஏமாத்தினா. பக்கத்துல இருந்தவங்களச் செருப்ப மாத்தி ஏமாத்தினா, தூரத்துல இருந்தவள பெல்ட்ட மாத்தி ஏமாத்தினா. அதுல தூரம் எங்க வந்துச்சு?"

அண்ணன் எழுந்துவிட்டான். அவன் குரல் உயரவில்லை, இறங்கியது. "வாரா வாரம் தண்ணி கேன் தூக்கி வச்சது நான். அப்பாவக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி நாலு நாள் வெளிய பெஞ்சுல படுத்துக் கெடந்தது நான். அன்னைக்கு அக்காவ மெஷின்லருந்து தூக்கினது நான். நீ தினமும் நாப்பது நிமிஷம் சிரிச்சுப் பேசின. பேசினது பெரிசுதான். ஆனா போன்ல கேன் தூக்க முடியாது."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தள்ளிவிடக்கூடியதாக இல்லை.

"நீ சொல்றது சரிதாண்ணா," என்றாள். "நீ செஞ்சத நான் செய்யல. செஞ்சேன்னு சொல்லவும் மாட்டேன். வேணும்னா கால்ல விழறேன். ஆனா அதுக்காக வேன விக்க மாட்டேன்."

"ஏன்?"

"வித்துட்டு இங்க உக்காந்தா அது அவளுக்காக இருக்காது. உங்க வாய அடைக்கறதுக்காக இருக்கும். என் பையன் அவங்கப்பாவ யாருன்னு கேட்டவன். இன்னைக்கு அவருகூடத்தான் எந்திரிக்கறான், அவருகூடத்தான் படுக்கறான். நான் கையாலாகாதவளாட்டம் வீட்டு மெஷின் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கு நாப்பது மெஷின் ஓடற பட்டறையில என்னக் கேட்டுட்டுத்தான் சுவிட்சப் போடறாங்க. இதுக்காக நான் குடுத்தது அதிகம்தான். அக்கா முகத்தக்கூடக் குடுத்துட்டேன். அவ்வளவு குடுத்த பொருள இப்ப ரோட்டுல போட்டுட்டு வரச் சொல்றீங்க."

"உனக்கு இது நல்லாருக்கா?" என்றாள் அத்தை. "அக்கா செத்து ஒம்போது நாளாகல..."

"எனக்குத்தான் ரெண்டு மணி நேரம் கழிச்சு செத்தா அத்த," என்றாள். "உங்களுக்கெல்லாம் ஒம்போதுக்குள்ள செத்துட்டா. எனக்குப் பத்து நாப்பது வரைக்கும் உயிரோட இருந்தா."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "மறந்துட்டேன்," என்றான். "வேணும்னு இல்ல. நெசமாவே மறந்துட்டேன்." அந்த ஒன்பது நாளில் அவன் சொன்ன மன்னிப்பு அவ்வளவுதான். அவள் தலையை அசைத்தாள். அவள் ஏற்றுக்கொண்டதும் அவ்வளவுதான்.

அந்தச் சந்தடியில் பெரியவள் ஸ்டூலின் மேல் மடித்து வைத்திருந்த துணியை எடுத்துப் பிரித்தாள். "இது என்னோடது," என்றாள். சாம்பல் நிறப் பேண்ட். பிள்ளைகளின் துணியெல்லாம் பெரியம்மாதான் தைத்து அனுப்புவாள். அளவெடுப்பது வாத்தியார், வேன் கதவோரம் நிற்கவைத்து நாடாவைப் பிடித்து, போனில் கணக்குப் பாடம் மாதிரி ஒப்பிப்பார். "உயரம் சொல்றப்ப மூச்ச இழுக்காதடி, எனக்கு இங்க தெரியும்" என்பாள் பெரியம்மா. இந்தப் பேண்ட்டுக்கு அளவு சொன்னது போன வாரத்துக்கு முந்தின வாரம். நாளைக்கு முடித்து அனுப்பிவிடுகிறேன் என்று கடைசிப் பேச்சில் சொல்லியிருந்தாள்.

வலது காலின் மடிப்புத் தையல் முடிந்திருந்தது. இடது காலில் பாதிக்கு மேல் ஓடி நின்றிருந்தது. மீதிக்குக் குண்டூசி குத்தியிருந்தது.

"யார் நூல வெட்டினது?" என்று கேட்டாள் கழட்டி.

"நான்தான்," என்றான் அண்ணன். "தூக்கறப்ப துணி மாட்டிக்கிச்சு."

அண்ணி கையை நீட்டினாள். "குடும்மா, அரை நிமிஷ வேலை. நான் முடிச்சுத் தர்றேன்." பெரியவள் கொடுக்கவில்லை. மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சாயத்து அதோடு கலைந்தது. முடிந்ததாக யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா அவளைக் கேட்டார், "எத்தன மணிக்குக் கிளம்பறீங்க?"

கிளம்புகிறோம் என்று அவள் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "நீங்களும் வாங்கப்பா. கீழ் படுக்கைய உங்களுக்குத் தர்றேன்."

"அந்த வேன் படி ஏற என் முழங்காலுக்கு மனு போடணும்."

"ஒரு ஸ்டூல் செஞ்சு வைக்கறேன்."

"வேண்டாம். இங்க எனக்கு அவன் இருக்கான். திட்டிக்கிட்டேதான் செய்வான், ஆனா செய்வான்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நீ போறது எனக்குப் பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு சொல்லி உன்ன அனுப்ப மாட்டேன். போகாதேன்னும் சொல்ல மாட்டேன்."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்துடறேன்ப்பா. தேதி சொல்லிடறேன்."

"தேதி மட்டும் சொல்லாத. சொன்னா எண்ணிக்கிட்டே இருக்கணும்."

மெஷின் மேசை வேனுக்குள் நுழையவில்லை. தலையை மட்டும் கழற்றி, மோட்டாரோடும் பெடலோடும் போர்வையில் சுற்றி, கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டினாள். மேசையில் அப்பா தன் மருந்துகளை அடுக்கிக்கொண்டார். அண்ணன் இரண்டு தண்ணீர் கேன்களைத் தூக்கிவந்து வேனுக்குள் வைத்தான். வைத்துவிட்டு, "அந்தக் கார்பன மாத்திட்டியா?" என்று கேட்டான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"மாத்தல. பழசே நல்லாருக்கு."

அத்தை மாடி ஜன்னலில் நின்றாள், கையசைக்கவில்லை. கழட்டிதான் அசைத்தாள், இரண்டு கையாலும், தெருவே பார்க்கும்படி.

இரண்டு வாரம் கழித்து, அவள் மறுபடி பதினேழாம் நம்பர் மெஷினைப் பார்க்கப் போனாள். ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாற்பதுக்கு அவளே அப்பாவைக் கூப்பிட்டாள். அவருக்குப் போனில் பேசத் தெரியாது. "சாப்பிட்டியா" என்றார், "சரி" என்றார், வைக்கவும் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணன் யாரையோ திட்டுவது கேட்டது. அவள் நாற்பது நிமிஷமும் அதைக் கேட்டபடி வேலை பார்த்தாள். இந்தத் தடவை எதைக் கேட்டும் இதை மாற்று, அதை மாற்று என்று சொல்லவில்லை.

பெரியவள் அன்றைக்கு அந்தச் சாம்பல் நிறப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். உயரம் சரியாக இருந்தது. குண்டூசிகளை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். இடது காலில் நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு இன்னும் தைக்கப்படவில்லை.